மறைப்பதால் வளரும் மூலநோய்

காய்ச்சல் கண்டால் அண்டை வீட்டாரிடம் சொல்லுகிறோம். பல் வலித்தால் தறிக்குழியில் இருந்தபடியே பக்கத்துத் தறிக்காரரிடம் முறையிடுகிறோம். மூலநோய் வந்தால் மாத்திரம் மனைவி கணவனிடம் சொல்லுவதில்லை. தகப்பன் மகனிடம் சொல்லுவதில்லை. மலம் கழிக்கையில் இரத்தம் சொட்டுவதைக் கண்டும், "உடம்புச் சூடு, இரண்டு நாளில் தணிந்துவிடும்" என்று தமக்குத் தாமே சமாதானம் கூறிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காலம் கடத்துவோர் பலர். இவ்விதழைப் படிக்கும் அங்கத்தினர்களுள்ளும் அத்தகையோர் இருக்கக்கூடும். அவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். சொல்லக் கூசும் பொருளாயிற்றே என்று வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடாமல் இறுதிவரை படிக்குமாறு வேண்டுகிறோம்.

நமது திருத்தணி, இரு மொழிகள் கலந்து வழங்கும் ஊர். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் அது ஆந்திரத்தினின்று பிரிந்து அன்றைய சென்னை இராஜ்யத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு இடம் மாறிற்றேயன்றி மக்கள் மாறவில்லை. அவர்களுடைய நோய்களும் மாறவில்லை. தமிழர் மூலம் என்பதைத் தெலுங்கர் மொலலு என்கின்றனர். எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் எந்தச் சிறு நகரத்துச் சுவரை நோக்கினாலும், "மூலம், பௌத்திரம், கத்தியின்றி இரத்தமின்றிக் குணமாக்கப்படும்" என்னும் விளம்பரம் கண்ணில் படாமல் போகாது. நோயாளி நாணத்தால் தன் நோயை மறைக்கிறான்; விளம்பரக்காரர் ஆதாயத்தின் பொருட்டுத் தம் மருந்தை மறைக்கிறார். இவ்விரு மறைவுகளும் சேருமிடத்திலேதான் இந்நோயின் கேடு மிகுதியாக விளைகிறது.

நோயின் இயல்பு

மூலம் என்பது வெளியிலிருந்து வந்து தொற்றும் பொருளன்று. ஆசனவாயின் உட்புறத்தில், இரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற சதைத் திரட்சிகள் மூன்று, எல்லா மனிதருக்கும் பிறவியிலேயே அமைந்துள்ளன. ஆசனவாய் இறுக மூடியிருப்பதற்கு அவை துணை செய்கின்றன. மலச்சிக்கலால் நாள்தோறும் முக்கி முக்கி அழுத்தம் தருவோமாயின், அம்மெத்தைகள் வீங்கித் தம்மைத் தாங்கி நிற்கும் தசையிழைகள் தளர்ந்து கீழே சரிகின்றன. இதுவே உள்மூலம். ஆசனவாயின் விளிம்பில், தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் வீங்குவது வெளிமூலம்.

உள்மூலத்தை மருத்துவர்கள் நான்கு நிலைகளாகப் பகுப்பர். முதல் நிலையில் இரத்தம் மட்டும் வரும். சதை வெளியே தள்ளாது. இரண்டாம் நிலையில் மலம் கழிக்கும்போது சதை வெளிவந்து, தானே உள்ளே சென்றுவிடும். மூன்றாம் நிலையில் கையால் தள்ளினால்தான் உள்ளே செல்லும். நான்காம் நிலையில் தள்ளினாலும் செல்லாது. இவற்றுள் தாம் எந்நிலையில் இருக்கிறோம் என்று அறிவதே சிகிச்சையின் முதற்படியாகும்.

உள்மூலத்து இரத்தம் பொதுவாக வலியின்றி, பளிச்சென்ற சிவப்பு நிறத்தில் வரும். ஆசனவாயின் உள்ளே வலியுணர்வின் எல்லைபோல் ஒரு கோடு உண்டு. அதற்கு மேற்பட்ட பகுதிக்கு வெட்டும் வலி தெரியாது. ஆதலின் வலியில்லையே என்று பலர் அசட்டையாக இருந்துவிடுகின்றனர். மலம் கழிக்கையில் கத்தியால் கீறுவதுபோன்ற வலி எடுக்குமாயின் அது பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பு ஆகும். ஒரே நாளில் விளிம்பில் கடினமான கட்டி தோன்றிக் கடுத்தால், அது வெளிமூலத்தில் இரத்தம் உறைந்த நிலையாக இருக்கலாம். மூன்று நாட்களுக்குள் மருத்துவரை அடைந்தால் அக்கட்டியைச் சிறு கீறலால் அகற்றி உடனே வலியைத் தணிக்க இயலும். அருகே சிறு துவாரம் ஏற்பட்டுச் சீழ் கசிந்துகொண்டே இருப்பது பௌத்திரம். விளம்பரப் பலகையில் மூலமும் பௌத்திரமும் இணைபிரியாமல் நின்றாலும், அவை வெவ்வேறு நோய்கள், சிகிச்சையும் வெவ்வேறு.

தறியும் வயலும்

தறியில் அமர்ந்திருப்பதே மூலத்தை உண்டாக்கும் என்று துணிந்து கூறிவிட இயலாது. ஆயினும் நமது தொழிலோடு ஒட்டிய பழக்கங்கள் சில இந்நோய்க்கு இடம் தருகின்றன. பாவு அறுந்துவிடும், கூலி குறைந்துவிடும் என்று தாகத்தையும் மலத்தையும் அடக்கிக்கொண்டு உழைப்பவர் நம்முள் உளர். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் இரைச்சலிடும் விசைத்தறிகளின் நடுவே நின்று வேலை செய்வோருக்கும் இது பொருந்தும். வயலில் உழைக்கும் மாதர், மறைவிடம் இன்மையால் இருள் வரும்வரை காத்திருப்பர்; காத்திருக்க வேண்டுமே என்று தண்ணீர் பருகுவதையும் குறைத்துக்கொள்வர். அடக்கிய மலம் இறுகும்; இறுகிய மலத்துக்கு முக்க வேண்டும்; முக்கினால் மூலம் இறங்கும். கருவுற்ற பெண்களுக்கு மூலம் தோன்றுவதும் இயல்பே. அது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தணிந்துவிடும்.

ஆதலின் முதல் மருந்து அடுக்களையிலேயே இருக்கிறது. கேழ்வரகு, கம்பு, கீரைவகை, வாழைத்தண்டு, அவரை, கொய்யா ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருள் மலத்தை இளக்குகிறது. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ப்பொருள் வேண்டும் என்பர். முன்னோர் மூலத்துக்குக் கருணைக்கிழங்கையும் துத்திக் கீரையையும் உணவாகக் கொண்டதில் நற்பயன் உண்டு. போதாதவர் இசப்கோல் உமியை நீரில் கலந்து பருகலாம். நார்ப்பொருளைக் கூட்டியவர்களுக்கு இரத்தப்போக்கு ஏறக்குறைய பாதியளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனோடு தண்ணீர் நிறையப் பருகுதல், மலம் வரும் உணர்ச்சியை அடக்காமை, கைப்பேசியைக் கையில் கொண்டு கழிப்பறையில் நெடுநேரம் அமராமை ஆகிய மூன்றையும் கைக்கொள்ளின், முதல் நிலையிலுள்ள பலர் வேறு சிகிச்சையின்றியே நலம் பெறுவர். மூலநோயாளிகளுள் கத்தி தேவைப்படுவோர் நூற்றுக்கு 5 முதல் 10 பேரே என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. கத்திக்கு அஞ்சி மறைப்போர் இக்கணக்கை நினைவிற் கொள்ள வேண்டும்.

நூலும் வளையமும்

உணவினால் அடங்காத இரண்டாம் நிலைக்கும், மூன்றாம் நிலையில் சிலருக்கும் ரப்பர் வளையம் இடும் முறை உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மருத்துவர் பாரன் என்பவர் 1963-இல் இதனை வெளியிட்டார். சிறு குழல் ஒன்றினை உட்செலுத்தி, வீங்கிய சதையின் அடியில் இறுக்கமான ரப்பர் வளையத்தைப் பூட்டுகின்றனர். இரத்த ஓட்டம் நின்றதும் அச்சதை சுருங்கி, ஒரு வாரம் பத்து நாட்களில் தானே உதிர்ந்துவிடுகிறது. வளையம் வலியுணர்வற்ற பகுதியில் இடப்படுவதால் மயக்க மருந்து வேண்டுவதில்லை. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பி, இரண்டொரு நாளில் வேலைக்கும் செல்லுகின்றனர். சதை உதிரும் நாளில் சிறிது இரத்தம் வருதல் உண்டு, அஞ்ச வேண்டா. ஆனால் கடும் வலி, காய்ச்சல், சிறுநீர் இறங்காமை ஆகியவை தோன்றுமாயின் இரவு பகல் பாராது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரிதாயினும் அது உயிருக்கு ஆபத்தான சீழ்நோயின் அறிகுறியாகும்.

கட்டி உதிர்க்கும் இம்முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. மூலத்துக்கு மருந்து, காரம், சூடு, சஸ்திரம் என நால்வகைச் சிகிச்சையைச் சுசுருதர் வகுத்துள்ளார். ஆசனவாயைத் திறந்து பார்ப்பதற்குப் பசுவின் மடிக்காம்பு வடிவில் ஒரு குழலையும் அவர் கூறுகிறார். பின்னர் 11-ஆம் நூற்றாண்டில் சக்கரபாணி தத்தர், மஞ்சளும் கள்ளிப்பாலும் ஊட்டிய நூலைக் கொண்டு மூலத்தையும் பௌத்திரத்தையும் கட்டும் வழியை எழுதினார். 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தேஷ்பாண்டே முதலியோர் இம்முறைக்குப் புத்துயிர் அளித்தனர். சித்த மருத்துவத்தில் இதனைக் காரநூல் என்பர்.

பாவுக்குக் கஞ்சி ஊட்டிப் பழகிய நம் நெசவாளருக்கு இந்நூலின் செய்முறை வியப்பளிக்கும். ஆளிநார் நூலின்மீது 21 முறை பூச்சு ஏற்றுகின்றனர். முதல் 11 முறை கள்ளிப்பால். அடுத்த 7 முறை கள்ளிப்பாலும் நாயுருவிக் காரமும். இறுதி 3 முறை கள்ளிப்பாலும் மஞ்சளும். ஒவ்வொரு பூச்சும் நன்கு உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சு. 1991-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆய்வில், பௌத்திர நோயாளிகளிடம் காரநூலும் கத்தியும் ஒப்பிடப்பட்டன. நூலால் ஆறியவர்களுக்குச் சுமார் எட்டு வாரமும், கத்தியால் ஆறியவர்களுக்குச் சுமார் நான்கு வாரமும் சென்றன. ஆனால் ஓராண்டில் நோய் மீண்டது நூல் கட்டியோருள் நூற்றுக்கு 4 பேருக்கும், கத்தி பட்டோருள் நூற்றுக்கு 11 பேருக்குமே. இக்கணக்கு பௌத்திரத்துக்கு உரியது. மூலத்துக்கு அப்படியே பொருத்திவிடலாகாது. பயின்ற கையில் நன்மை செய்யும் கள்ளிப்பால், பயிலாத கையில் குடலை எரித்துப் புண்ணாக்கும் என்பதையும் மறக்கலாகாது. வீட்டில் இதனை முயல்வது பெருந்தீங்கு.

சஸ்திர சிகிச்சை

மூன்றாம் நிலையில் சதை பெருத்தோருக்கும், நான்காம் நிலையினருக்கும், உள்மூலமும் வெளிமூலமும் கலந்தோருக்கும், வளையம் இட்டும் அடங்காதோருக்கும் சஸ்திர சிகிச்சையே ஏற்றது. லண்டன் நகரில் 1835-இல் நிறுவப்பெற்ற செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் மில்லிகன், மார்கன் என்னும் இருவர் 1937-இல் வகுத்த முறையே இன்றும் உலகெங்கும் அடிப்படையாக விளங்குகிறது. சரிந்த மூன்று மெத்தைகளையும் அறுத்தெடுத்து, வேரிலுள்ள இரத்தக் குழாயைக் கட்டிவிடுகின்றனர். மூன்று புண்களுக்கும் இடையே நல்ல தோலைப் பாலம்போல் விட்டுவைப்பதே இதன் நுட்பம். அப்பாலம் இன்றேல் புண் ஆறும்போது ஆசனவாய் சுருங்கிவிடும். புண்ணைத் தையலிட்டு மூடும் முறையை அமெரிக்க மருத்துவர் ஃபெர்குசன் 1959-இல் வெளியிட்டார்.

இச்சிகிச்சை பெரும்பாலும் முதுகுத்தண்டில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து நடைபெறுகிறது. அறுக்கும்போது வலி இராது. பின்னர் முதல் வாரத்தில் வலி உண்டு. முதன்முறை மலம் கழிக்கையில் அது மிகும். இதனை ஒளிக்காமல் கூறுவதே நேர்மை. வலி மருந்து, மலம் இளக்கும் மருந்து, நாளுக்கு இருமுறை மும்முறை வெந்நீர்த் தொட்டியில் அமர்தல் ஆகியவற்றால் அது தாங்கத்தக்கதாகிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களில் வேலைக்குத் திரும்பலாம். புண் முழுதும் ஆற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். இரத்தப்போக்கு, சிறுநீர் அடைப்பு, சீழ், ஆசனவாய் சுருங்குதல், மலத்தை அடக்கும் ஆற்றல் குறைதல் ஆகியவை நேரக்கூடிய கெடுதிகள். தேர்ந்த கையில் அவற்றுள் கடுமையானவை அரியன.

வலி குறைந்த வழியைத் தேடியதன் பயனாக இத்தாலிய மருத்துவர் லோங்கோ 1998-இல் ஸ்டேப்லர் முறையை வெளியிட்டார். சரிந்த சதையை அறுக்காமல், அதற்கு மேற்புறத்துச் சவ்வை வட்டமாக எடுத்து இழுத்துப் பிணைக்கும் முறை அது. முதல் வாரங்களில் இதில் வலி குறைவு என்பது உண்மை. ஆயினும் பிரிட்டனில் 777 நோயாளிகளிடம் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு, நோய் திரும்பி வருதல், செலவு ஆகியவற்றை ஒருங்கே நோக்குமிடத்துப் பழைய அறுவை முறையே மேலானது எனக் கண்டது. இப்போது பெரிதும் விளம்பரப்படுத்தப்படும் லேசர் முறை, இரண்டாம் மூன்றாம் நிலையிலுள்ள சிலருக்கு உதவலாம். பல்லாண்டுப் பலன் அறுவைக்குத் தெரிந்த அளவு அதற்கு இன்னும் தெரியவில்லை. ஆகையால் கருவியின் பெயரைக் கேட்டு மயங்காமல், "எனக்கு எந்நிலை? இம்முறை எனக்கு ஏன்? செலவென்ன? திரும்ப வருமா?" என்று நான்கு கேள்விகளை மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இரகசிய ஊசியின் வரலாறு

இரகசிய மருந்தின் தீமையை விளக்க மேனாட்டு வரலாறு ஒன்று போதும். 1871-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், க்ளின்டன் என்னும் ஊரினரான மிட்செல் என்பவர், கார்பாலிக் அமிலத்தை எண்ணெயில் கலந்து மூலத்துக்குள் ஊசியிடத் தொடங்கினார். கலவையை ஒருவருக்கும் வெளியிடாமல், ஊர் ஊராய்த் திரியும் போலி வைத்தியர்களுக்கு அந்த இரகசியத்தை விற்றார். ஊசியால் குணமானவரும் உண்டு. சதை வெந்து அழுகியவரும், உயிர் துறந்தவரும் உண்டு. சிகாகோவின் சஸ்திர மருத்துவர் எட்மண்ட் ஆண்ட்ரூஸ், 1870-களின் இறுதியில் அவ்விரகசியத்தைக் கண்டறிந்து, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டார். வெளிச்சத்துக்கு வந்த பின்னரே, எவ்வளவு மருந்து, எவ்விடத்தில், யாருக்கு என்பவை வரையறுக்கப்பட்டன. இன்று முதல் நிலை மூலத்துக்கு எண்ணெயில் கலந்த 5 சதவிகித ஃபீனால் ஊசி முறையான சிகிச்சைகளுள் ஒன்றாக நிற்கிறது. பொருள் ஏறக்குறைய அதுவே. மறைவு நீங்கியதும் நஞ்சு மருந்தாயிற்று.

ஆதலின் மருந்தின் பெயரையும் தம் பதிவு எண்ணையும் சொல்ல மறுப்பவரிடம் உடலை ஒப்படைக்கலாகாது. ஒரு முறையில் பயின்று பதிவு பெற்றவர், தாம் பயிலாத மற்றொரு முறையில் சிகிச்சை செய்வது போலித்தனமே என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்துள்ளது. 2020 நவம்பரில் மத்திய இந்திய மருத்துவக் கழகம், ஆயுர்வேத அறுவைப் பிரிவில் முதுநிலை பயில்வோர் பழக வேண்டிய சிகிச்சைகளைப் பட்டியலிட்டு அறிவித்தபோது, ஆங்கில மருத்துவர்கள் அதனை எதிர்த்து டிசம்பர் 11-ஆம் நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வழக்கில் நாம் பக்கம் சேரவில்லை. எம்முறையாயினும், பயின்றவர் யார், பதிவு பெற்றவர் யார் என்று கேட்டறியும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதே நம் கருத்து.

அஞ்ச வேண்டிய அச்சம்

கத்திக்கு அஞ்ச வேண்டா. காலம் கடத்துவதற்கு அஞ்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வெளியேறும் இரத்தமும் நாளடைவில் சோகையைக் கொண்டுவரும். படி ஏறினால் மூச்சிரைப்பதும், தறி மிதிக்கக் கால் சோர்வதும் வயதின் குறைவன்றி இரத்தக் குறைவாக இருக்கலாம்.

அதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. மலக்குடலில் தோன்றும் புற்றுநோயும் முதலில் இரத்தப்போக்காகவே தலைகாட்டும். அதனை மூலம் என்று தாமே தீர்மானித்து லேகியம் உண்டுகொண்டிருந்தால், குணமாக்கக்கூடிய காலம் கைநழுவிவிடும். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர், மலம் கழிக்கும் வழக்கம் மாறியோர், காரணமின்றி எடை குறைந்தோர், இரத்தத்தோடு சளியும் கண்டோர் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மருத்துவர் விரலாலும் சிறு குழலாலும் பார்க்கும் சோதனை சில நிமிடங்களில் முடிவது. வேண்டுமாயின் பெருங்குடலை உள்நோக்கும் சோதனைக்கும் அனுப்புவர்.

செல்லுமிடத்துக்கும் பஞ்சமில்லை. திருத்தணியிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி திருவள்ளூரில் இருக்கிறது. அதற்கும் மேற்பட்ட சிகிச்சைக்குச் சென்னை அரசு பொது மருத்துவமனையும், 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வேலூர் கிறித்துவ மருத்துவமனையும் எட்டும் தூரத்திலேயே உள்ளன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உடையோர், தமக்குரிய சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னரே கேட்டுக்கொள்வது நன்று.

கூட்டுறவின் பங்கு

பலரைத் தடுத்து நிறுத்துவது நாணம் மாத்திரமன்று, கூலியுமாகும். "மூன்று வாரம் படுத்தால் அடுப்பு எரிவதெப்படி?" என்னும் கேள்விக்கு மருத்துவர் விடை கூற இயலாது, நாம்தான் கூற வேண்டும். நான்காம் நிலை தவிர்த்த மூலம் பெரும்பாலும் சில வாரங்கள் பொறுக்கும். ஆதலின் நாளை நாமே குறித்துக்கொள்ளலாம். நெசவாளர் ஏற்றிய பாவை நெய்து இறக்கிய பின் செல்லட்டும். கரும்பு பயிரிடுவோர் திருவாலங்காட்டு ஆலைக்கு வெட்டு அனுப்பி முடித்த பின் செல்லட்டும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி நேர்ந்துகொண்டோர், 365 படிகளையும் ஏறி வந்த பின் சிகிச்சை பெறட்டும்; சிகிச்சை முடிந்த மறு வாரம் காவடி சுமந்து ஏறலாகாது. ஒருவர் படுத்திருக்கும் நாட்களில் அவருடைய தறியையோ வயலையோ மற்றிருவர் முறைவைத்துக் கவனிப்பதும், சங்கத்தின் விதிகள் இடந்தரும் அளவில் முன்பணம் பெற உதவுவதும் நம்மால் ஆகக்கூடியவை. ஒருவன் அறியாததை மற்றவன் அறிவிப்பதும், ஒருவனால் ஆகாததைப் பலர் கூடி முடிப்பதுமே கூட்டுறவு அல்லவா?

அங்கத்தினர்கள் இன்று செய்யத்தக்கது ஒன்றே. இரத்தம் கண்டவர் இவ்வாரத்திற்குள் தம் வீட்டில் ஒருவரிடமேனும் அதனைச் சொல்லி, அவரையும் உடனழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுக. பத்தில் ஒன்பது பேர் கத்தி வேண்டா என்னும் செய்தியோடு திரும்புவர். எஞ்சிய ஒருவருக்கும் வழி தெளிவாக இருக்கிறது.